அந்தப் படத்தை இனி அழித்துவிடுங்கள்

திருகோணமலை உறவுகளுக்கும், கொழும்பில் முகம் தெரியாத எங்களுக்காக அலைந்தவர்களுக்கும்,

என் வீட்டுக்காரர் பத்திரமாக வீட்டில் இருக்கிறார். நான் இதை எழுதும்போது முற்றத்தில் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். முந்தாநாள் காலைதான் இரவு ரயிலில் வந்து இறங்கினோம். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். "காணவில்லை" என்று மகள் போட்ட படத்தைப் பகிராதவர்கள் எங்கள் உவர்மலையில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் கொழும்பில் இவர் தொலைந்துபோயிருந்த அந்த ஐந்து மணித்தியாலத்தைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

1985-ல் கல்யாணம் முடித்தபோதே "உம்மைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்தவர் இவர். அந்தக் காலத்தில் இங்கிருந்து யார் கொழும்பு பார்க்கப் போனது? பிறகு இடம்பெயர்வு, பிள்ளைகள், கூட்டுறவுச் சங்கக்கடை வேலை. நாற்பதாவது வருடத்திலாவது போவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போனது. காலிமுகத்திடலில் இறால் வடை தின்றோம். தாமரைக் கோபுரத்தில் ஏறி நின்று துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட துறைமுகத்துக்குக் கிட்ட வராது" என்றார். கொச்சிக்கடை சிவன் கோயிலில் கருங்கல் தூண் ஒவ்வொன்றையும் தொட்டுக் கும்பிட்டார். அருங்காட்சியகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டிய காலிக் கல்வெட்டு இருக்கிறதே, 1409-ஆம் ஆண்டுக் கல், அதன் முன்னால் மட்டும் அரை மணித்தியாலம். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளை வரிசையாகச் சொல்கிற கல் என்று நான் சொன்னதும், "அப்ப இது இருப்புப் பட்டியல்தானே" என்று சிரித்தார். சங்கக்கடை மனேஜராக இருந்த மனுசனுக்கு வேறு எப்படித் தோன்றும்! மூன்றாம் நாள்தான் புறக்கோட்டைக் கடைத்தெரு. அங்கேதான் சனத்துக்குள் இவரைத் தவறவிட்டேன்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலடியில் நான் அழுதுகொண்டு நின்றபோது கடையை விட்டிறங்கிச் சந்து சந்தாகத் தேடியவர்கள், காசு வேண்டாம் என்று சொல்லிச் சுற்றித் திரிந்த ஓட்டோத் தம்பிமார், கோட்டை ரயில் நிலையத்தில் இவருடைய பெயரைத் திரும்பத் திரும்ப அறிவித்தவர்கள், தலையில் மூட்டையோடு நின்று படத்தைப் பார்த்துவிட்டுப் போன நாட்டாமிமார், கனடாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் போன் எடுத்தவர்கள், அன்றிரவு பத்திரகாளி அம்மனுக்கு விளக்கேற்றிய அயலட்டைச் சனம், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. ஓரிடத்தில் மட்டும் "பசித்தால் தானா வருவார்" என்றார்கள். அதை விடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நான்காம் குறுக்குத் தெருவில் இருக்கிற ஒரு வெங்காயக் கடையைப் பற்றி. முதலாளி தன் பெயரையோ கடையின் பெயரையோ போட வேண்டாம் என்றார். போடவில்லை.

கடையில் கணக்கு எழுதுகிற சிங்களப் பெடியன்தான் போனில் படத்தைக் கண்டு அழைத்தவன். நான் ஓடிப் போய்ப் பார்க்கிறேன், இவர் சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கல்யாண நாளுக்கென்று வாங்கிய புதுச் சேர்ட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருக்கிறார். சேர்ட் முழுக்க வெங்காயச் சருகு. முன்னால் மூன்று குவியல்: நல்லது, முளை விட்டது, அழுகல். என்னை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் பொறும், இன்னும் ஒரு மூட்டை இருக்கு" என்றார்.

முதலாளி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடைக்குள்ள வந்து மூட்டைக்குள்ள கைய விட்டாரும்மா. ஒரு பம்பாய் வெங்காயத்த அமுக்கிப் பாத்துட்டு, 'கழுத்து ஈரமா இருக்கு, தாங்காது' எண்டாரு. சரியாத்தான் சொன்னாரு. எங்க இருந்து வாறீங்கண்டு கேட்டா, சங்கக்கடைக்குச் சரக்கு எடுக்க வந்தேன் எண்டாரு. எனக்கு விளங்கிட்டு. என்ட வாப்பாவும் கடைசிக் காலத்துல இப்படித்தான். சும்மா இருங்கண்டு சொன்னா எழும்பி நடந்துருவாரு. கையில வேலை இருந்தா இருப்பாரு."

அதனால்தான் "ஐயா, இதக் கொஞ்சம் தரம் பாத்துத் தாங்க" என்று மூட்டையை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். நீங்கள் யார், வீடு எங்கே, பிள்ளைகளின் பெயர் என்ன என்று ஒரு கேள்விகூட இவரைத் துருவிக் கேட்கவில்லை. இடையில் பிளேன்டீயும் பணிசும் கொடுத்திருக்கிறார். லொறி வந்து நிற்கிற, கால் வைக்க இடமில்லாத வியாபார நேரத்தில் இவ்வளவும்.

போகலாம் என்று கூப்பிட்டபோது இவர் எழும்பவில்லை. கணக்கு முடியவில்லையாம். நான் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். முதலாளி என்னைக் கண்ணால் நிறுத்திவிட்டு, பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளை வைத்து, "பம்பாய் வெங்காயம், 3 மூட்டை, தரம் பார்த்தது" என்று எழுதி இவரிடம் நீட்டினார். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வரி வரியாக வாசித்து, கீழே கையெழுத்து வைத்தார். முதல் எழுத்தில் பெரிய சுழியும் கடைசியில் இரண்டு புள்ளியும் வைத்த அந்தப் பழைய மனேஜர் கையெழுத்து. போன மாதம் பென்சன் கடதாசியில் ஒப்பமிட முடியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தவர் இவர். வைத்து முடித்ததும் தானாகவே எழும்பி, "சரி, ரயிலுக்கு நேரமாகுது" என்றார்.

அந்த மஞ்சள் பிரதி இப்போது எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது.

இரண்டு வருடமாக இவருடைய மறதியை ஊருக்குத் தெரியாமல் மறைத்தவள் நான். யாரும் வந்தால் "களைப்பாயிருக்கிறார்" என்று சொல்லி உள்ளே அனுப்பிவிடுவேன். கடையில் மிச்சக் காசு எண்ணத் தடுமாறுவார் என்று கடைக்கும் விடுவதில்லை. வெட்கம்தான், வேறென்ன. அப்படி ஒளித்து வைத்துக்கொண்டே புறக்கோட்டைச் சனத்துக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், என்ன புத்தியோ. இனி மறைக்கப்போவதில்லை. சேர்ட் பைக்குள் பெயரும் என் போன் நம்பரும் எழுதிய துணியைத் தைக்கத் தொடங்கிவிட்டேன், ஏழு சேர்ட் முடிந்தது. நேற்று அரிசியை சுளகில் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் கல் பொறுக்கினார். எங்கள் அரிசியில் கல் இருப்பதில்லை. நான்தான் நாலைந்தைப் போட்டேன்.

பின்னேரங்களில் திருகோணமலைக் கோட்டை வாசலில் மான் பார்க்கப் போவோம். அங்கே எங்களைக் கண்டால் தயவுசெய்து "என்னை யார் என்று தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு, இன்றைக்கு வெங்காயம் என்ன விலை என்று கேளுங்கள்.

மகள் போட்ட படம் இன்னும் சுற்றுகிறதாம். நேற்றும் அனுராதபுரத்திலிருந்து ஒருவர் பதறிப்போய் எடுத்தார். உங்கள் பக்கத்தில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

அப்புறம், மழை தூறியபோது பள்ளிவாசலடியில் என் தலைக்குமேல் குடையைப் பிடித்து, அதை என் கையிலேயே விட்டுப்போன தங்கச்சி, அந்தக் குடை என்னிடம்தான் இருக்கிறது. நீலம், ஒரு கம்பி வளைந்தது. கம்பியை இவர் நேற்று நிமிர்த்திவிட்டார். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கோ.