பல்லைப் பிடுங்கிக்கொள்ளாதே

மஞ்சக்குப்பம், கடலூர்
கார்த்திகை 5

அன்புள்ள மல்லிக்கு,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம்டி. எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை, ஈறும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு அந்தப் பல் என்ன பாவம் செய்தது?

எனக்கு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. போன வருஷம் ஆடியில் இடது பக்கம் மேல் கடைவாயில் வலி ஆரம்பித்தது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கத்தால்தான் என்று நினைத்தேன். கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணீர், வலி மாத்திரை எல்லாம் ஆயிற்று. இங்கே ஒரு கிளினிக்கில், வேரில் சீழ் இருக்கலாம் என்று ரூட் கேனல் செய்து கேப் போட்டார்கள். பத்தே நாளில் வலி பக்கத்துப் பல்லுக்கு வந்தது. அதற்கும் செய்துவிடலாம் என்றார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, நல்ல பல் ஒன்றைக் கெடுத்துக்கொண்டேனே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

கூடவே அந்த அசதி. நீ எழுதியிருக்கிற அதே அசதி. விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கும். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கும், இரண்டு ரவிக்கை வெட்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். "வேலை செய்ய மனசில்லை" என்றார்கள் வீட்டில். உன் மருமகள் சொன்னதும் அதுதானே? அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் உங்கள் பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கோரிமேட்டில் விடியும்போதே வரிசை நீண்டிருந்தது. டாக்டரம்மா முதலில் கேட்டது, "குனிந்து பெருக்கும்போது வலி கூடுகிறதா?" கூடும். பஸ் பள்ளத்தில் இறங்கினால்கூட அந்தப் பக்கத்துப் பல்லெல்லாம் சேர்ந்து தெறிக்கும். அடுத்த கேள்வியில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சரிசி தின்பீர்களா?"

மெஷின் டிராயரில் ஒரு டபரா நிறைய அரிசி வைத்திருந்தேன் மல்லி. பாபின் மாற்றும்போதெல்லாம் ஒரு பிடி வாய்க்குள் போகும். கடக் கடக்கென்று மென்றால்தான் மனசு அடங்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொன்னதில்லை. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு அரிசி, மண், ஐஸ் என்று வாய் தேடுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8. நமக்கு 12 இருக்க வேண்டும். மாதவிலக்கு எட்டு நாள், பத்து நாள் என்று போய்க்கொண்டிருந்ததை 'இந்த வயதில் அப்படித்தான்' என்று நானே தீர்மானித்து விட்டிருந்தேன். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேரையும் சோம்பேறி என்று சொல்லிவிட்டார்களா?

பல்வலி பல்லில் இல்லை, சைனஸில். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னத்துக்குள் இருக்கிற காற்றறையின் தரையை ஒட்டி நிற்கிறது. அங்கே சளி கட்டினால் பல்தான் வலிப்பதாகத் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் இருந்ததால், ஏதாவது பல்லின் வேரிலிருந்து தொற்று ஏறியதா என்றும் ஸ்கேனில் பார்த்தார்கள். அப்படியில்லை. மூக்கில் அடிக்கிற மருந்து, உப்புநீரால் மூக்கு கழுவுவது, மூன்றாவது வாரத்தில் வலி விட்டது. இரும்பு மாத்திரை இன்னும் போடுகிறேன், டீ குடிக்கும் நேரத்தைத் தள்ளிவைத்து. அசதி பாதிதான் போயிருக்கிறது.

ஆனால் உன் வலி என்னுடையது மாதிரித் தெரியவில்லை. முகம் கழுவினாலோ ஃபேன் காற்று பட்டாலோ கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று ஒரு நொடி, அப்புறம் ஒன்றுமில்லை என்கிறாய். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாகூர்க்கார அம்மா இதையேதான் சொன்னார். மூன்று பல்லைப் பிடுங்கிய பிறகுதான் அது முகத்தில் ஓடுகிற டிரைஜெமினல் என்கிற நரம்பின் வலி என்று கண்டுபிடித்தார்களாம். சாதாரண வலி மாத்திரை அதற்குக் கேட்காது. வலிப்புக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரைதான் கேட்கும், அதையும் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். உனக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, நரம்பு டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும் என்கிறேன்.

அசதிக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரையோடு பி12 வைட்டமினையும் பார்க்கச் சொல். நீ பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறாய், அது பி12-ஐக் குறைக்கும். இன்னொன்று. மாடி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டுப்போனால், வியர்த்துக் கொட்டினால், அது இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அப்போது எனக்காகக் காத்திருக்காதே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ.

பாண்டிக்கு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இதை நாளைக் காலை கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் வெள்ளிக்கிழமை வரவில்லை என்று உன் பல் கிளினிக்குக்குச் சொல்லிவிடு. வலி எப்போது வருகிறது, எத்தனை நொடி நிற்கிறது, என்ன செய்யும்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதே. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, மழை கொட்டினாலும் ஆறு மணிக்குள் முத்தியால்பேட்டைக்கு வந்துவிடுவேன். சேர்ந்தே போகலாம்.

உன்
தேவி