துண்டு போட்டு மூடின மோடம்

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்ன உங்க பத்திரிகையில வைஃபை மோடம் பத்தி ஒரு வாசகர் கடுதாசி போட்டிருந்தீங்க, ராத்திரி அது பக்கத்துல படுத்தா மூளைக்கு கெடுதல், கதிர் அடிக்கும்னு. அத எங்க அம்மா கண்ணாடிய மாட்டிகிட்டு ரெண்டு தடவ வாசிச்சா. வாசிச்சதோட விட்டா பரவால்ல, அன்னைக்கு ராத்திரியே கெட்டித் துண்டு ஒண்ண நாலா மடிச்சு தார்சாவுல, அதான் வீட்டு முன்கூடத்துல, இருக்க மோடத்து மேல போத்திட்டா, கதிர் வெளிய வராதாம். விடியக்காலம் எடுத்துருவா போல, அதனால எனக்கு மூணு நாளா தெரியவே இல்ல.

நாலாவது நாள் காலைல எந்திரிச்சா வீடு பூரா ஒரு வாடை, பிளாஸ்டிக் கருகுத மாதிரி. அடுக்களையில போய் பாத்தேன், மோட்டார் சுவிட்ச பாத்தேன், கடைசில தார்சாவுக்கு வந்து துண்ட தூக்குனா மோடம் தோசைக்கல்லு கணக்கா சுடுது, ஆனா வாடை அதுல இல்ல, பக்கத்துல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருந்த அடாப்டர்ல இருந்து வருது. மூடி ஒரு பக்கம் உப்பி துண்டோட ஒட்டிகிட்டு இருக்கு, இழுத்தா நூலு நூலா வருது, துண்டுல பத்து ரூவா காசு அகலத்துக்கு பழுப்பு ஏறியிருக்கு. மெயின ஆஃப் பண்ணிட்டுதான் பிளக்கையே தொட்டேன். இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே பயமா இருக்கு.

அம்மாவ மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், பாதி தப்பு என்னோடது. மோடத்தோட வந்த ஒரிஜினல் அடாப்டர் போன ஐப்பசி இடில போயிட்டு. அவசரத்துக்கு கடைல போய் 'மோடத்துக்கு ஒரு அடாப்டர் குடுங்க'ன்னு கேட்டேன், பின்னு சேருதான்னு மட்டும் பாத்து வாங்கிட்டு வந்தேன். இப்ப ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு லேபிள பாத்தாத்தான் தெரியுது, பழசுல 12 வோல்ட் 1.5 ஆம்பியர்னு இருக்கு, நான் வாங்குனதுல 12 வோல்ட் 0.5 ஆம்பியர். மோடம் கேக்குத கரண்ட அதால குடுக்க முடியாம சூடாயிட்டு, ரெட்டை மாட்டு வண்டில ஒத்தக் கன்னுக்குட்டிய பூட்டுன கததான். வோல்ட் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், ஆம்பியர் கூட இருக்கலாம், கொறைய கூடாது, பின்னுல பிளஸ் உள்ள வருதா வெளிய வருதான்னு ஒரு படம் போட்டிருக்கும், அதுவும் ஒத்துப்போகணும். இத கடைக்காரர் கேக்கல, எனக்கும் கேக்கத் தெரியல. கனெக்ஷன் குடுத்தவங்களுக்கு போன் பண்ணுனா அடாப்டர் எங்க பொறுப்பு இல்லன்னுட்டாங்க.

அண்ணாச்சி, நான் சொல்ல வாரது இதுதான். ஜனங்க காத்துல வாரத பாத்து பயப்படுதாங்க, ஆபத்து வயர்ல வந்துகிட்டு இருக்கு. கதிருன்னு சொல்லுதாங்கள்லா, வைஃபை அலை எக்ஸ்ரே மாதிரி கிடையாது, சாதாரண ரேடியோ அலைதான், வீட்டு மோடம் விடுதது சுமாரா 0.1 வாட்டு சுத்தித்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011ல ரேடியோ அலைய '2பி' பட்டியல்ல சேத்தது உண்மை, அதாவது புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம், ஆனா ஆதாரம் உறுதி இல்லன்னு அர்த்தம், அதே பட்டியல்ல கத்தாழையோட முழு இலைச் சாறும் இருக்கு. மோடத்தோட வாரப் புஸ்தகத்துலயே ஆள் 20 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா போதும்னு போட்டிருக்கு, ஒரு சாண் தூரம். நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்கவங்களும் ஒட்டி உக்காராம, டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம். மத்தபடி துண்டு அந்த அலைய மறிக்காது, சூட்டத்தான் மறிக்கும்.

எங்க ஊரு கல்லிடைக்குறிச்சில பழைய வீடெல்லாம் எப்பிடின்னு உங்களுக்கே தெரியும், தார்சா, பட்டாசல் (நடுக்கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களைன்னு ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும், சுண்ணாம்புச் சுவரு வேற ஒண்ணொண்ணும் முக்கால் மொழம். மாட்ட வந்த தம்பிக்கு அன்னைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கியாம், வயரு எட்டுன எடத்துல, அதாவது தார்சா ஜன்னல் திண்டுலயே வச்சிட்டு பத்து நிமிசத்துல கெளம்பிட்டாப்ல. அங்கன சாயங்கால வெயிலு நேரா அடிக்கும், சாரல் காலத்துல தண்ணியும் தெறிக்கும், சிக்னல் அரங்க தாண்டாது. பொறவு நானே பட்டாசல் சுவத்துல ஆள் ஒசரத்துக்கு பலகை அடிச்சு நாலு பக்கமும் காத்தாட வச்சேன், அடுக்களை வரைக்கும் சிக்னல் எடுக்கு. பிரிட்ஜ் மேலயும் இன்வெர்ட்டர் மேலயும் வைக்கவங்கள பாத்திருக்கேன், ரெண்டு சூடும் சேந்தா அது எத்தன நாள் தாங்கும். அந்த தம்பி பாஸ்வேர்டா என் போன் நம்பரையே போட்டுட்டு போயிட்டாப்ல, தெருவுல முக்காவாசி வீட்ல இதே கததான், அதையும் மாத்துனேன்.

இன்னொண்ணு இந்த பைபர் வயரு. உள்ள இருக்கது கண்ணாடி இழை, சுருட்டி ஆணில இறுக்கிக் கட்டுனா ஒடிஞ்சிரும், மோடத்துல செவப்பு லைட்டு முழிக்கும். அக்கா மகன் சின்னவன் ஒருநாள் பச்ச முனைய கழத்தி லைட்டு வருதான்னு கண்ணுகிட்ட வச்சு பாத்துகிட்டு இருக்கான், ஓடிப்போய் புடுங்குனேன். அதுல வாரது கண்ணுக்கு தெரியாத லேசர் அண்ணாச்சி, தெரியலங்கதால ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல.

இடி விசயத்துக்கு வாரேன், நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகைல சொல்லவே வேண்டாம், சித்திரை கோடை மழைக்கும் இடி உண்டு. முந்தி செம்புக் கம்பி டெலிபோன் லைன்ல ஏறி வந்து ஒரு மோடத்த தின்னுச்சு. பைபர்ல கரண்டு வராதேன்னு தெம்பா இருந்தேன், கண்ணாடில வராதுதான், ஆனா அடாப்டர் சொருகியிருக்கது வீட்டு கரண்டு லைன்லதான, அது வழியா வந்துட்டு. சுவிட்ச அமத்துனா போதும்னு நெனச்சிருந்தேன், சுவிட்சு ஒரு கம்பியத்தான் வெட்டும், இன்னொண்ணு தொட்டபடியேதான் இருக்கும். பிளக்கையே உருவணும், அதுவும் மேகம் கருக்கயில, தலைக்கு மேல இடிக்கும்போது போய் தொட கூடாது. மோடத்துல இருந்து டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ லேன் வயரு போட்டிருந்தா அதையும் கழத்திரணும்.

கதிர்வீச்சு கடுதாசிக்கு அரைப்பக்கம் குடுத்தீங்க, நான் கேக்கது நாலு வரிதான், அடாப்டர் லேபிள எப்பிடி வாசிக்கணும்னு ஒரு படத்தோட போடுங்க. அம்மா இப்ப ராத்திரி பத்து மணிக்கு பிளக்க உருவி வச்சிட்டு படுக்கா, கதிருக்கு பயந்துதான், நானும் வேண்டாம்னு சொல்லல. அந்தத் துண்ட மட்டும் தூரப் போட மாட்டேங்கா, பழுப்பு இருக்க எடத்த உள்பக்கமா மடிச்சு, அடுக்களையில பிடிதுணிக்கு வச்சிருக்கா.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.