நான்காவது சுவடு

வெள்ளவத்தை
26.05.2025

அன்பு மகள் சுகந்திக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது. சீனி மட்டும் அளவோடு நிற்கிறது. இதைத் தபாலில் போட்டால் ஆரணியின் ஓட்டம் முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பதால், எழுதி முடித்ததும் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்துத் தெளிவாக இல்லையென்றால் சொல், திரும்பவும் எடுத்து அனுப்புகிறேன்.

ஆரணி 400 மீற்றரில் ஒஃப்சா என்ற ஒன்ராறியோ மாகாணப் பாடசாலைப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டாள் என்பதைத் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். நீ நேற்று முக்கால் மணி நேரம் கதைத்தாய். அம்மாவின் மருந்தைப் பற்றிக் கேட்டாய், மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி ஒழுகுவது நின்றதா என்று கேட்டாய், பிள்ளை எப்படியிருக்கிறாள் என்று நான் கேட்டபோது மட்டும் "படிக்கிறாள் அப்பா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். வேலைக் களைப்பில் மறந்திருப்பாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை.

அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓடி முடித்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நிற்கிறாள். நெஞ்சில் குத்திய இலக்கத்துக்கு மூன்று ஊசிதான் இருக்கிறது. நான்காவது மூலை காற்றுக்கு மடிந்து கிடக்கிறது. அடுத்த முறை நான்கு மூலைக்கும் ஊசி குத்திவிடு. முகம் சரியாகத் தெரியவில்லை, ஆனால் மூச்சு வாங்கும்போது தோளை உயர்த்துகிற விதத்தைப் பார்த்தவுடனேயே அம்மா "இது சுகந்தி" என்றாள்.

தெரிவாகும் முறையைத் தம்பியிடம் கேட்டு அறிந்துகொண்டேன். பாடசாலைக்குள் ஓடி, பிறகு நகரத்துப் பாடசாலைகளுக்கிடையே ஓடி, பிறகு மெற்றோ பிராந்தியத்தில் ஓடி, அங்கே முன்னால் வந்தவர்கள் மட்டும் ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்குமான போட்டிக்குப் போகிறார்கள் என்றான். இங்கே கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று நீ ஏறிய அதே படிகள்தான். ஒரு படியில் அன்றைய நாள் பிழைத்துவிட்டால், முதல் வாரம் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் பயனில்லை. அப்படியிருக்க, நேற்றுவரை தொட்டிலில் கிடந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை இத்தனை படி ஏறி நிற்கிறாள் என்றால், அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டு ஐயாவிடம் சொன்னேன், மரக்கறிக் கடைக்காரரிடம் சொன்னேன், என்னிடம் சொல்லாத உன்னிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டியவற்றை எழுதுகிறேன். போட்டிக்கென்று புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுக்காதே. மாகாணப் போட்டிக்கு நீ சிநேகிதியிடம் இரவல் வாங்கிய ஸ்பைக்ஸ் ஒரு அளவு பெரிதாக இருந்து, முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஓடி, குதிக்கால் தோல் உரிந்து வந்தது நினைவிருக்கும். முதல் நாள் இரவு உறைப்பு வேண்டாம். காலையில் பழகிய சாப்பாட்டையே கொடு. முதல் இருநூறு மீற்றரில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் கடைசி நூறில் கால் கல்லாகிவிடும் என்று உனக்கு நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது, ஆனாலும் எழுதுகிறேன். ஓடுபாதையில் வெளிச் சுவடு கிடைத்தால் பயப்பட வேண்டாம் என்று சொல். வளைவுக்காக முன்னே தள்ளி நிறுத்துவதால் முன்னால் ஒருவரும் தெரியமாட்டார்கள். பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் தன் ஓட்டத்தை ஓட வேண்டும். சப்பாத்து மட்டும் பழையதாக இருக்கட்டும்.

ஸ்காபரோவில் பிறந்த அந்திரே டி கிராஸ் என்ற பையன், உயர்நிலைப் பாடசாலையின் கடைசிக் காலத்தில், கூடைப்பந்துக் காற்சட்டையோடும் இரவல் ஸ்பைக்ஸோடும் ஒரு பாடசாலைப் போட்டியில் ஓடித்தான் கண்ணில் பட்டான் என்று வாசித்தேன். அதே பையன்தான் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீற்றர் தங்கம் வென்றவன். ஆரணி அந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலேயே, பாடசாலை ஓட்டம் ஒன்றிலிருந்து ஒரு வழி திறந்திருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். அதை உன்னிடம் கேட்கலாமா கூடாதா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். போட்டி வேறு நகரத்தில் மூன்று நாள் நடக்கிறது, இரவில் தங்க வேண்டும், ஆண்டிறுதிப் பரீட்சையும் நெருங்குகிறது, அதனால் அக்கா அனுப்புவதா விடுவதா என்று யோசிக்கிறாள் என்றான். உன் பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்க உனக்கும் மருமகனுக்கும்தான் உரிமை இருக்கிறது. பரீட்சை முக்கியம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ என்னிடம் மறைத்தது, நான் மறிப்பேன் என்ற பயத்தினாலா, அல்லது நான் மறிக்கமாட்டேன் என்ற பயத்தினாலா என்று எனக்கு விளங்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் அப்பாவிடம் மறைத்துப் பேசும் அளவுக்கு நான் உனக்கு என்ன செய்துவிட்டேன் என்று கோபமாக ஒரு வரி எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதைப் புதிதாக எழுதுகிறேன். என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

1996இல், தெகிவளை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, வீதிக்கு வீதி சோதனைச் சாவடி இருந்த அந்த நாட்களில், நீ மாகாணத்தில் இரண்டாவதாக வந்து சுகததாச விளையாட்டரங்கில் ஓடத் தெரிவாகியிருந்தாய். வழியில் மறித்தால் யார் பொறுப்பு, குமர்ப்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று நான் சொன்னேன். "நீங்களும் என்னோடு வாருங்கள் அப்பா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை, அழவுமில்லை.

அன்று காலை நான் கந்தோருக்குப் போகவில்லை. நீ ஓடமாட்டாய் என்று எழுதிய கடிதத்தை உன் விளையாட்டு ரீச்சரிடம் நேரே கொடுப்பதற்காக, கோட்டைக்கு ஒரு பஸ்ஸிலும் அங்கிருந்து ஆமர் வீதிக்கு இன்னொரு பஸ்ஸிலும் போனேன். இரண்டு இடத்தில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள், அவ்வளவுதான். உன்னால் போக முடியாது என்று நான் சொன்ன வழி அதுதான். அரங்குக்குள் போன பிறகு ரீச்சரைத் தேடக் கால் எழவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை, உச்சரிப்புத் தடுமாறி, கூப்பிட்டார்கள். பிறகு பிள்ளைகள் அவரவர் சுவட்டில் வந்து நின்றார்கள். நான்காவது சுவட்டில் ஒருவரும் இல்லை. வெடிச் சத்தம் கேட்டது, மற்றவர்கள் எல்லோரும் ஓடினார்கள், நான் அந்த வெறும் சுவட்டையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவதாக வந்த பிள்ளையின் நேரத்தை அறிவிக்கும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். கடிதம் சட்டைப் பையிலேயே வீட்டுக்குத் திரும்பியது. இதை அம்மாவுக்கும் இந்தக் கிழமைதான் சொன்னேன்.

சோதனைச் சாவடியை நான் சாட்டாக வைத்துக்கொண்டேன், மகள். காற்சட்டையோடு சனத்துக்கு முன்னால் ஓடும் பெண்ணுக்கு நாளைக்கு யார் சம்பந்தம் பேசுவார்கள் என்று பெரியப்பா என் முகத்துக்கு நேரே கேட்டிருந்தார், அதற்குத்தான் பயந்தேன். 1958இல் எதிர்வீரசிங்கம் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தபோது எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பொடியன்கள் எல்லோரும் இரண்டு மாமரத்துக்கு நடுவே தடி கட்டி, இருட்டும்வரை பாய்ந்தோம். எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தவனே உன்னை மறித்தேன்.

2000இல் நம் நாட்டுச் சுசந்திகா சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓடியபோது நீ தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து எழுந்து குசினிக்குள் போனாய். தேத்தண்ணீர் போடப் போகிறாய் என்று நினைத்தேன், நீ வரவேயில்லை. பல ஆண்டுகள் கழித்து, அதில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்டு சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானபோது, அந்தச் செய்தியைச் சொல்ல உனக்கு அழைப்பு எடுத்துவிட்டு, குளிர் எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

ஆரணியை அனுப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அனுப்புவதாக இருந்தால் நீயும் கூடப் போ. தங்குமிடச் செலவை நான் தருகிறேன், தம்பி மூலம் அனுப்புகிறேன், மறுக்காதே. புத்தகத்தையும் கொண்டுபோகச் சொல், இரவில் படிக்கலாம். பழைய சப்பாத்து, நான்கு ஊசி.

ரொறன்ரோவில் காலை பதினொரு மணி என்றால் இங்கே இரவு எட்டரை. விடியற்காலை ஆனாலும் நானும் அம்மாவும் விழித்திருப்போம். அவள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் சுவட்டில் ஓடுகிறாள் என்பதைத் தெரிந்தவுடன் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா