இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வீடியோவில் பேசும்போது, என் பின்னால் சுவர் ஏன் கருத்திருக்கிறது என்று கேட்டீர்கள். அதுதான் டேம்ப். நம் ஓதம். இங்கே வீடு பார்க்கப் போனால் வாடகையைக் கேட்கும் முன் இதைத்தான் கேட்க வேண்டும்.

எங்களுடையது டைன்சைடு ஃப்ளாட். தெருவோரம் ஒட்டினாற்போல் இரண்டு கதவு; ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மாடிக்கு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் சுவர். தரையிலிருந்து ஏறினால் அது ரைசிங் டேம்ப். ஓதம் மேலே ஏறாமல் தடுக்க நீங்கள் சுவரடியில் போடும் டி.பி.சி. அடுக்கின் வேலையை இந்தப் பழைய சுவர்களில் ஸ்லேட் கல் செய்கிறது. வெளியே மண் அதற்கு மேல் ஏறிவிட்டால் போச்சு. மழை சுவரில் ஊறி உள்ளே வந்தால் அதற்கு வேறு பெயர்.

எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே சோறு வடிக்கிறோம், துணி காயப்போடுகிறோம். அந்த ஆவியெல்லாம் சில்லிட்ட சுவரில் போய்ப் படிகிறது. பீரோவுக்குப் பின்னால் கருப்புப் பூசணம், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நாங்கள் சமைப்பதுதான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். குளியலறை ஃபேன் ஓடாததைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். 2020-ல் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூசணம் பிடித்த வீட்டில் இருந்தே மூச்சுக் கோளாறு வந்து இறந்துபோனான். ஓதத்தையும் பூசணத்தையும் வீட்டுக்காரர் காலம் கடத்தாமல் சரிசெய்யணும் என்று அவன் பெயரில் வந்த சட்டம், 2025 அக்டோபரில் சமூக வாடகை வீடுகளுக்கு, அதாவது கவுன்சில் மாதிரி அமைப்புகள் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, அமலானது. எங்களுடையது தனியார் வீடு.

இந்த ஊரில் டேம்ப் என்றால் ஈரம் மட்டுமில்லை. நிலக்கரிச் சுரங்கத்து வாயுக்களுக்கும் அதே பெயர்தான். தீப்பற்றுவது ஃபயர்டேம்ப், மூச்சை அடைப்பது சோக்டேம்ப். 1812-ல் பக்கத்திலுள்ள ஃபெல்லிங் சுரங்கத்தில் ஃபயர்டேம்ப் வெடித்து 92 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான், 1815-ல், அந்த வாயு தீப்பற்றாதபடி செய்த டேவி விளக்கு வந்தது. ஆபீஸில் பெரிதாக எதிர்பார்த்த விஷயம் சப்பென்று போனால் டேம்ப் ஸ்க்விப் என்பார்கள். நம் நமுத்த பட்டாசுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பீரோவை சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கப்போகிறேன். பூசணத்தைத் துடைத்துவிட்டு அப்படியே பெயிண்ட் அடித்தால் நிற்குமா, இல்லை பூச்சைக் கொத்தி எடுக்கணுமா? போனில் சொல்லுங்கள். கொத்தணும் என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் பேச வேண்டும்.

உங்கள் மகன்