மழையிலும் நடந்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் நம் குடும்பங்கள் போன காட்டு நடைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். மழை வந்துவிடுமோ என்று பயந்தேன், வந்தேவிட்டது, ஆனால் அதுவும் நல்லதாகப் போயிற்று, தண்ணீர் மண்ணை எப்படி அரிக்கிறது என்பதை வெயிலில் நின்று வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்?

முதல் நன்றி, லீவு நாளிலும் வந்த நம் சாலை வேலைத் தம்பிக்கு. சரிவில் குந்தி உட்கார்ந்து, பாதையோடு இறங்கிய செம்மண் தண்ணீரைக் காலணியால் மறித்துக் காட்டினார். நேராக இறங்க விட்டால் வேகம் பிடித்து மண்ணை வாரிக்கொண்டு போகும், நடுநடுவே குறுக்கே மறித்துப் பக்கத்துச் சருகுக்குள் திருப்பிவிட்டால் மண் அங்கேயே தங்கிவிடும். "வயல்ல மடை திருப்புற மாதிரிதாண்ணே" என்றார். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் மிச்சமில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து படங்கள் அனுப்பிய தோழிக்கும் நன்றி. அங்கே சால்மன் மீன்கள் ஓடைக் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும். மர லாரிகள் ஓடும் காட்டுச் சாலையிலிருந்து வண்டல் வந்து இடுக்குகளை அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அதனால் சாலைக்குச் சரளை போடுகிறார்கள், சாலைக்கு அடியில் ஓடை போகிற சிறிய குழாய்களை எடுத்துவிட்டு மீன் ஏறிப்போகிற அளவுக்குப் பெரியதாக வைக்கிறார்கள், வேண்டாத சாலைகளை மூடியே விடுகிறார்கள். பெரிய காட்டு நிலக்காரர்களுக்கு இதற்கெல்லாம் 2021 வரை கெடு இருந்ததாம்.

சரி, நம்மிடம் சால்மன் இல்லை, நண்டு இருக்கிறது. 1986இல் அறிவியல் பெயர் பெற்ற சிங்கப்பூர் நன்னீர் நண்டு, ஓடு 3 செ.மீ.தான், உலகில் வேறெங்கும் கிடையாது. ஓடைப் பக்கம் யாரையும் இறக்காமல் படத்தில் மட்டும் காட்டினோம், "இதில் மிளகு நண்டு செய்ய முடியாதே" என்று கவலைப்பட்ட பொடியனுக்கும் ஒரு நன்றி!

2014 செப்டம்பரிலிருந்து 2016 அக்டோபர்வரை புக்கிட் தீமா பாதைகளை மூடிச் சரிவுகளைப் பலப்படுத்திய தேசியப் பூங்காக் கழகத்தையும், அதற்காக உழைத்த ஊழியர்களையும் விட முடியாது. அப்போது முணுமுணுத்தவர்கள் எத்தனை பேர்!

அப்புறம், சேற்றைப் பார்த்து ஓரம் ஒதுங்காமல் நடுப்பாதையிலேயே நடந்த அக்காமார்களே, உங்கள் காலணிகளுக்காக வருந்துகிறேன். எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கி நடந்துதான் பாதை அகலமாகி, ஓரத்துச் செடி செத்து, மண் பெயர்கிறது. பசியாறக் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதமும் பிரமாதம்.

நீலக்குடை ஒன்று என்னிடம் இருக்கிறது. யாருடையது?