அம்பத்தூர் முதலாளிகளுக்கு ஒரு மடல்: சாஃப்ட்வேருக்கு முன் ஸ்டோர்ஸ்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் சிறு, நடுத்தரத் தொழிற்சாலை நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

தொழிற்சாலைகளில் இஆர்பி, அதாவது ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர், போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் இந்த மடலைப் பார்த்ததும் "வியாபாரத்துக்கு அடி போடுகிறான்" என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் சொல்ல வந்ததோ, சாஃப்ட்வேர் வாங்குவதை ஒரு ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள் என்பதுதான்.

உங்களை அவசரப்படுத்த நிறையப் பேர் இருக்கிறார்கள். கார் கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுப்பவரை, "எல்லாம் சிஸ்டத்தில் தெரியணும்" என்று மேலேயிருந்து நெருக்குகிறார்கள். அரசாங்கமும் விடவில்லை. 2020 அக்டோபரில் வருடத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்பவர்களுக்கு என்று ஆரம்பித்த இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை), 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. சரி, மாறித்தான் ஆக வேண்டும் என்று ஒரு டெமோ பார்க்கிறீர்கள், பேரம் பேசுகிறீர்கள், அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, ஸ்டோர்ஸ் நோட்டில் ஒரு கணக்கு. அவசரத்துக்கு எல்லோரும் புரட்டுவது நோட்டைத்தான்.

அந்த நோட்டில் அப்படி என்ன இருக்கிறது? பிளேட்டிங்குக்கு, அதாவது முலாம் பூச வெளியே, போகும் சரக்கை எடுத்துக்கொள்வோம். 1000 பீஸ் சலான் போட்டு அனுப்புகிறீர்கள். முதலில் 600 வருகிறது, அப்புறம் 380. மீதி 20-இல் 12 ரிஜெக்‌ஷன். 8 பீஸைக் காணோம். அது அடுத்த லாட்டோடு சேர்ந்து வரும் என்று ஸ்டோர்ஸ்காரருக்குத் தெரியும். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். அவசர அவசரமாகப் போட்ட சாஃப்ட்வேரில் அந்த 8-ஐ எங்கே எழுதுவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சலான் முடியாமல் திரையில் சிவப்பாக நின்றுகொண்டே இருக்கும். என்ட்ரி போடுகிறவர் என்ன செய்வார்? 1000-மும் வந்ததாகப் போட்டு முடித்துவிடுவார். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது இப்படி வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு, போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை ஆனதாக எடுத்துக்கொண்டு வரி கேட்கிறது ஜிஎஸ்டி சட்டம். அப்படிப் போய்வந்த சரக்குக்குக் கணக்குக் காட்டும் ஐடிசி-04 படிவம் போடும் நேரத்தில் கடைசியில் எல்லோரும் தேடுவது அந்தப் பென்சில் குறிப்பைத்தான்.

முதல் வேலையாக, பார்ட் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே போல்ட் "எம்8 போல்ட்", "8 எம்எம் போல்ட்", "போல்ட் 8×25" என்று மூன்று பெயரில் இருக்கும்; மூன்றுக்கும் தனித்தனி இருப்பு காட்டும். ராக்கில் நிறையக் கிடக்கும்போதே பர்ச்சேஸ் இன்னொரு பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கும். இதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் வேண்டாம், சரக்கு தெரிந்தவர் வேண்டும். கருவிக்கு எக்செல் போதும். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் துடைக்கிறோம், அப்போதே எண்ணிவிடலாம். தயவுசெய்து மாதக் கடைசியில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். டிஸ்பாட்ச் நெருக்கடியில் யாரும் ஒழுங்காக எண்ண மாட்டார்கள்.

அடுத்தது பாஸ்வேர்ட். ஆபீஸில் ஐந்து பேர், எல்லோருக்கும் ஒரே "அட்மின்". 2025 ஏப்ரலிலிருந்து சரக்கு வண்டிக்கான இ-வே பில் எடுக்கும் தளத்தில் நுழைய எல்லோருக்குமே ஓடிபி கட்டாயம். அது வருவது முதலாளியின் போனுக்கு. முதலாளி கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரச் சத்தத்தில் இருப்பார். இங்கே லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கும், டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். டிஸ்பாட்ச்காரருக்கு அவர் நம்பரிலேயே சப்-யூசர் (தனி லாகின்) போட்டுக் கொடுத்தால் முடிந்தது. அதற்குக் காசும் இல்லை. இன்னொன்று: பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்களின் கணக்கு சாஃப்ட்வேரில், 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது. ஐந்து பேரும் அட்மினாக நுழைந்தால், திருத்தியது யார் என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

கம்ப்யூட்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது; ஆபீஸ் மெஷின்களை மாற்றுங்கள். சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின் மாதிரி) பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி ஓடுகிறது என்றால் ஓடட்டும், இன்டர்நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. சர்வரை மாடிக்கு ஏற்றுங்கள். பேக்கப் ஒரு பிரதி பேட்டைக்கு வெளியே இருக்கட்டும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாஃப்ட்வேர் பேச்சுவார்த்தை என்றால் முதலாளி, அவர் மகன், அக்கவுண்டன்ட், விற்க வந்தவர். இவ்வளவு பேர்தான் உட்காருகிறார்கள். ஸ்டோர்ஸ்காரர் டீ வந்ததா என்று பார்க்க எட்டிப் பார்ப்பதோடு சரி. "கம்ப்யூட்டர் வந்தால் என்னை அனுப்பிவிடுவார்களோ" என்று அவருக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவர் கேட்க மாட்டார், நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் நோட்டைக் கொடுக்க மாட்டார், கொடுத்தாலும் முழுதாகக் கொடுக்க மாட்டார். என்னைக் கேட்டால் அதில் தப்பும் இல்லை. ஷாப் ஃப்ளோரில் ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உற்பத்தி எண்ணிக்கையை அவர்களே போட வேண்டும் என்றால், திரையில் அவர்களுக்குப் புரிகிற மொழியோ படமோ இருக்க வேண்டும். ஆங்கிலத் திரை கொடுத்தால் சூப்பர்வைசர் ஷிஃப்ட் முடிந்ததும் குத்துமதிப்பாக ஒரு எண்ணைத் தட்டிவிட்டுப் போவார்.

நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1-லேயே எல்லாவற்றையும் மாற்ற ஆசை வரும். மார்ச் கணக்கை முடிக்கும் பரபரப்பில் இருக்கும் ஆபீஸ் தாங்காது. ஸ்டோர்ஸை மட்டும் ஜூலையில் ஆரம்பியுங்கள். இரண்டு மாதம் நோட்டும் ஓடட்டும், கம்ப்யூட்டரும் ஓடட்டும். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே வித்தியாசம் வருகிறதோ, அதைச் சரிசெய்யாமல் அடுத்த டிபார்ட்மென்ட்டுக்குப் போகாதீர்கள்.

பட்டியல் சுத்தமானதும் டெமோவுக்குக் கூப்பிடுங்கள், என்னையோ வேறு யாரையோ. கலர் கலரான கிராஃப் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஸ்டோர்ஸ்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, பிளேட்டிங்குக்குப் போன 1000 பீஸையும், திரும்பி வந்த 980-ஐயும், 12 ரிஜெக்‌ஷனையும், பாக்கி 8-ஐயும் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பட்டரவாக்கத்திலிருந்து ஒரு இஆர்பிக்காரன்