ரூட் பீரும் நம் நன்னாரியும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம், பெரியவன் என்னைவிட உயரமாகிவிட்டான், சின்னவளுக்கு இன்னும் கணக்குதான் வம்பு.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக வீட்டில் ரூட் பீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். பேரைப் பார்த்துப் பயப்படாதே, வேர்களைக் கொதிக்கவைத்து இனிப்புச் சேர்த்து ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்கிற பானம், அவ்வளவுதான். போனில் சொன்னதும் என் மாமியார் "பீரா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. இதே சந்தேகம் இந்த ஊர்க்காரர்களுக்கும் வந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஃபிலடெல்ஃபியாவில்தான் சார்லஸ் ஹயர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் 1876இல் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சியில் இதைப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தினார். அவர் முதலில் விற்றது வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வதற்கான வேர்ப் பொட்டலம்தான். அவரே மதுவுக்கு எதிரானவர், அப்படியும் 1895இல் மதுவிலக்குக்காகப் போராடிய பெண்கள் சங்கம் இதை வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. மூன்று வருஷம் கழித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஒரு பாட்டிலில் இருக்கிற ஆல்கஹால் ஒரு முழு பிரெட்டில் பாதியில் இருக்கிற அளவுதான் என்று தெரிந்து தடையை விலக்கிக்கொண்டார்கள். இதைச் சொன்ன பிறகு மாமியார் சமாதானமாகிவிட்டார்.

நான் வந்த புதிதில் ஆபீசில் ஒருவர் கடை ரூட் பீர் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அயோடெக்ஸைக் கரைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. பத்து வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. போன வசந்த காலத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா காட்டுப் பாதையில் ஒரு மரத்தைக் காட்டினார். சசாஃப்ராஸ் என்று பேர், ஒரே கிளையில் மூன்று வித இலை இருக்கும், ஒன்று முட்டை வடிவம், ஒன்று கட்டைவிரல் மட்டும் தனியாக நீட்டிய கையுறை மாதிரி, இன்னொன்று மூன்று பிரிவாக. ஒரு சின்னச் செடியைப் பிடுங்கி வேரைக் கீறி மூக்கருகில் நீட்டினார். செல்வி, கண் கலங்கிவிட்டது எனக்கு. கல்லூரி விட்டு வரும்போது நாம் நின்று குடிப்போமே, அந்தச் சர்பத் கடை ஞாபகம்தான் வந்தது. அப்படியே நன்னாரி என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பங்காளி மாதிரி ஒரு வாசம்.

அந்த வேரைப் பானத்தில் போடலாமா என்று தாத்தாவிடம் கேட்டேன், அவருடைய அம்மா அதில்தான் காய்ச்சுவாராம். ஆனால் அதில் சஃப்ரோல் என்று ஒரு எண்ணெய் இருக்கிறது, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரலில் புற்றுநோய் வந்ததால் 1960இல் உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். எப்போதாவது குடித்தால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் உண்டு. பிள்ளைகள் குடிக்கிற பானத்தில் அந்தச் சோதனை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தியக் கடையில் காய்ந்த நன்னாரி வேர் வாங்கினேன், மற்றதெல்லாம் இங்கத்துச் சரக்குதான்: சார்சபரில்லா வேர், கொஞ்சம் அதிமதுரம், இஞ்சி, ஒரு கைப்பிடி விண்டர்கிரீன் இலை.

இப்போது நீ நிமிர்ந்து உட்கார், இது உனக்காகவே எடுத்துவைத்த செய்தி. விண்டர்கிரீன் வாசத்துக்குக் காரணம் மீத்தைல் சாலிசிலேட், வலித்தைலத்தில் வருவதும் அதுவேதான், என் நாக்கு அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அதன் மூலக்கூறில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். வெனிலாவின் வெனிலினுக்கும் அதே எண்ணிக்கை. நன்னாரி வேரின் வாசனைப் பொருளுக்கும் அதே 8, 8, 3! தைலமும் ஐஸ்கிரீமும் சர்பத்தும், அணுக்கள் உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும்தான் வேறு. இதை உன் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஐசோமர் பாடத்தில் சொல்லு, மூன்றையும் கொண்டுபோய் முகரக் கொடு, ஒருத்தரும் மறக்கமாட்டார்கள்.

செய்முறை கேட்பாய் என்று தெரியும். 4 லிட்டர் தண்ணீரில் சார்சபரில்லா, அதிமதுரம், இஞ்சி இவற்றை அரை மணி நேரம் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகுதான் நன்னாரியும் விண்டர்கிரீனும் போட்டு மூடவேண்டும், கொதித்தால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். நன்னாரியை இடித்து நடுவில் இருக்கிற கட்டை நரம்பை எடுத்துவிடு, வாசம் பட்டையில்தான். அப்புறம் 400 கிராம் வெல்லத்தைத் தனியாகக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றி, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியதும் ஒரு சிட்டிகை ஈஸ்ட், ஒரு எலுமிச்சைச் சாறு. சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆகி ஒரு குமிழிகூட வரவில்லை.

இரண்டாவது தடவை நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் ஊருக்குப் போவதாக இருந்தது நான்கு நாளாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் ஒரு பாட்டில் வெடித்து அலமாரி முழுக்கச் சில்லு. சின்னவள் தினமும் தட்டு எடுக்கிற அலமாரி அது. பொங்குவதற்கு வேண்டிய சர்க்கரை கொஞ்சம்தான், மீதியெல்லாம் இனிப்புக்காகப் போடுவது, ஆனால் ஈஸ்டுக்கு அந்தக் கணக்குத் தெரியாதே, இருக்கிறவரை தின்று காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். அன்றையிலிருந்து சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டில்தான். வாயிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நிரப்பி மூடிவிட்டுக் காலையும் மாலையும் அமுக்கிப் பார்க்கிறேன். உள்ளே அமுங்காமல் கல்லு மாதிரி நின்றால் உடனே ஃபிரிட்ஜ். எங்கள் வீட்டுச் சூட்டில், 22 டிகிரி இருக்கும், அதற்கு இரண்டு நாள் ஆகிறது. ஃபிரிட்ஜிலும் அது முழுதாகத் தூங்குவதில்லை, இரண்டு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

அமுக்கிப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இட்லி மாவு பொங்கியிருக்கிறதா என்று காலையில் மூடியைத் தூக்கிப் பார்ப்போமே, அதே ஆசை. கடையில் விற்பதில் பெரும்பாலும் எசன்ஸும் மெஷினில் ஏற்றிய காற்றும்தான். சுவையிலும் வித்தியாசம் தெரிகிறது, வீட்டில் செய்ததில் இனிப்பு குறைந்து லேசாகப் புளிப்பும் மண்வாசமும் நிற்கிறது, நுரையும் சின்னச் சின்னக் குமிழியாக இருக்கிறது. பெரியவன் முதல் டம்ளரை மடக்கென்று குடித்துவிட்டு, "இது ஆச்சி வீட்டுச் சர்பத் மாதிரி இருக்கு" என்றான். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீயும் செய்து பாரேன். சார்சபரில்லா தேட வேண்டாம், நன்னாரியும் இஞ்சியும் மட்டும் போதும், நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் மதுரை வெயிலுக்கு இரண்டு நாள் காத்திருக்காதே, ஆறு மணி நேரத்திலிருந்தே அமுக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடு, மறந்தும் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். முதல் பாட்டிலைத் திறக்கும்போது எனக்கு வீடியோ கால் போடு, இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் மீனா